தாம்பரத்து கெமிஸ்ட்ரி சார், கோடம்பாக்கத்து காதல் மன்னன்: ஜெமினி மேல உங்களுக்கும் கிரஷ் இருக்கா?

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, ரிமோட்டும் கையுமாக சேனல் மாற்றிக்கொண்டே வருகிறீர்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு படம் ஓடுகிறது. மெலிதான மீசை, படிய வாரிய தலை, யாரிடமும் குரல் உயர்த்தாத ஒரு மனுஷன். கதாநாயகி பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான், உங்கள் விரல் அடுத்த பட்டனுக்குப் போகாமல் நின்றுவிடுகிறது. திரும்பிப் பார்த்தால், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவும் கையில் பாதி மடித்த புடவையோடு டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆக, வீட்டில் ஒரே ஆள் மேல் இரண்டு பேருக்கு கிரஷ்!

வெட்கப்படாதீங்க. இந்த கிரஷுக்கு வயது எழுபதைத் தொடப் போகிறது. பாட்டி, அம்மா, இப்போது நீங்கள் என்று மூன்றாவது தலைமுறைக்கு வந்துவிட்டது. 'மிஸ்ஸியம்மா' பாலு, 'கல்யாண பரிசு' பாஸ்கர் என்று பெயர்தான் படத்துக்குப் படம் மாறும். ஆள் ஒருவர்தான், ஜெமினி கணேசன்.

நீங்கள் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் குடியிருப்பவர் என்றால் இன்னொரு உரிமையும் உண்டு. இவர் ஒருவகையில் உங்க ஏரியாக்காரர். சினிமாவுக்குப் போவதற்கு முன்னால், கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பசங்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். நீங்கள் தினமும் ஏறும் அதே தாம்பரம் - பீச் ரயில் பாதையில்தான் அவர் கதையும் ஓடுகிறது. தாம்பரத்தில் வாத்தியார், கோடம்பாக்கத்தில் நடிகர், அதற்கு அடுத்த ஸ்டேஷனான நுங்கம்பாக்கத்தில் வீடு. கிரஷ் இருப்பவர் கதையைக் கொஞ்சம் முழுசாகவே தெரிந்துகொள்வோம். இனிப்பான பக்கத்தை மட்டும் படித்துவிட்டு மூடி வைக்க முடியாத கதை இது.

அத்தை வீட்டுப் பையன்

1920 நவம்பர் 17-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் ராமசாமி கணேசன். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்த அந்தப் பையனுக்குச் சென்னையில் ஆதரவாக இருந்தவர், அத்தை முறையான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஆமாம், அவரேதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றவர். 1927-ல் சென்னை மாகாண சட்டமன்றத்துக்குள் நுழைந்து, தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கேட்டவர். அவ்வை இல்லத்தையும் பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் உருவாக்கியவர்.

ஒரு ஆணின் ஆசைக்கு ஒரு பெண்ணும் அவள் குழந்தைகளும் வாழ்நாள் முழுக்க விலை கொடுக்கக் கூடாது என்பதுதான் அந்த அத்தையின் போராட்டம். இதை இப்போதே மனதில் ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பையன் ராமகிருஷ்ணா இல்லத்தில் தங்கிப் படித்தான். யோகாவும் சமஸ்கிருதமும் அங்கே வந்து சேர்ந்தன. பிறகு கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பு. அத்தை மாதிரியே டாக்டராக வேண்டும் என்பதுதான் கணேசனின் ஆசை. 1940-ல் அலமேலுவோடு கல்யாணம். வீட்டில் எல்லோருக்கும் அவர் பாப்ஜி. மருமகனை மருத்துவம் படிக்க வைப்பதாக இருந்த மாமனார், கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளிலேயே காலமாகிவிட, டாக்டர் கனவு அங்கேயே முடிந்தது. அடுத்து விமானப்படையில் பைலட் ஆகலாம் என்று டெல்லி வரை போய்ப் பார்த்தார். அங்கிருந்த உறவினர் ஒருவர், ஆசிரியர் வேலைக்குப் போகும்படி அறிவுரை சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அப்படித்தான் தாம்பரம் வந்தார். இன்றைக்கு விமானப்படைத் தளத்தின் பெயரால் நாடறிந்த ஊருக்கு, விமானப்படைக் கனவு கலைந்தவர் பாடம் நடத்த வந்தார். விதி சில நேரம் இப்படியும் கேலி பண்ணும்.

மரங்கள் சின்னதாக இருந்த காலம்

இன்றைக்கு கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்குள் போனால் காட்டுக்குள் போன மாதிரி இருக்கும். ஜார்ஜ் டவுனில் இருந்த கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது 1937-ல். சேலையூர் காட்டை ஒட்டிய சுமார் 365 ஏக்கர் நிலம். அந்த வளாகத்தில் தேடித் தேடி மரங்களை நட்டு வளர்க்க வைத்த எட்வர்ட் பார்ன்ஸ், அடிப்படையில் வேதியியல் பேராசிரியர். கணேசன் வேலை பார்த்த அதே துறை. அவர் அங்கே நடமாடியபோது இன்றைய பெரிய மரங்கள் பல ஆள் உயரக் கன்றுகளாக இருந்திருக்கும்.

சென்னைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் வந்துவிட்டாலும், அன்றைக்கு இந்தப் பக்கம் முழுக்க ஏரியும் வயலும் பொட்டலும்தான். அந்த அமைதியில் ஒரு இளைஞர் கரும்பலகை முன்னால் நின்று பாடம் எடுத்திருக்கிறார். அவருடைய படங்களைப் பார்க்கும்போது இதை நினைத்துப் பாருங்கள். எதிரில் இருப்பவருக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் பேசும் நிதானமும் தெளிவான உச்சரிப்பும் ஒரு நல்ல வாத்தியாரை ஞாபகப்படுத்தும்.

பெயருக்கு முன்னால் வந்த ஸ்டூடியோ

1947-ல் கல்லூரி வேலையை விட்டுவிட்டு எஸ்.எஸ்.வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்தார். நடிக்கப் போகவில்லை. நடிக்க வாய்ப்பு கேட்டு வருகிறவர்களைப் பார்த்துத் தேர்வு செய்யும் பிரிவில் ஆபீஸ் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டியவர் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அதே வருஷம் 'மிஸ் மாலினி'யில் சின்ன வேடம் கிடைத்தது. அதில் கதாநாயகி புஷ்பவல்லி.

1952-ல் 'தாய் உள்ளம்' படத்தில் வில்லன். ஆமாம், வில்லன்தான்! கதாநாயகன் ஆர்.எஸ்.மனோகர். பின்னாளில் ஒருவர் காதல் மன்னன் ஆனார், இன்னொருவர் பிரபல வில்லன் ஆனார். 1953-ல் 'மனம் போல மாங்கல்யம்' கணேசனைக் கதாநாயகனாக்கியது, அதுவும் இரட்டை வேடத்தில். ஜோடி சாவித்திரி.

'பராசக்தி' மூலம் இன்னொரு கணேசன் வந்து தமிழ்நாட்டையே அதிர வைத்திருந்த நேரம். அவர் சிவாஜி கணேசன் என்றால் இவர் யார்? வேலை பார்த்த ஸ்டூடியோவின் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் பஸ் கண்டக்டர் ஜெமினி என்று குரல் கொடுக்கும்போது நீங்கள் இறங்கும் இடம் அதே ஸ்டூடியோ நினைவில் நிற்பதுதான். ஸ்டூடியோ போய்விட்டது. 1973-ல் திறந்த மேம்பாலமும் இந்த மனுஷனும்தான் அந்தப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

சாம்பார்னு சொன்னவங்க சொல்லட்டும்

அந்தக் காலத்து ரசிகர் சண்டைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எம்.ஜி.ஆர் கட்சி ஒரு பக்கம், சிவாஜி கட்சி ஒரு பக்கம். கத்திச் சண்டை, வசனம் என்று பெருமை பேச அவர்களுக்கு நிறைய இருந்தது. ஜெமினிக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர் 'சாம்பார்'. காரம் இல்லாதவர், சாது என்று கேலி. ஆனால் தியேட்டரில் பெண்கள் பக்கம் கணக்கே வேறு. அடிக்காத, அதட்டாத, நாலு பேர் முன்னால் வீரம் காட்டாத ஒரு ஆம்பளையைத் திரையில் பார்ப்பதே பல பெண்களுக்குப் புதுசாக இருந்தது.

1955-ல் 'மிஸ்ஸியம்மா'. பட்டம் படித்தும் வேலை கிடைக்காத இருவர், ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலைக்காகக் கணவன் மனைவி மாதிரி நடிக்க வேண்டிய கட்டாயம். நிஜ வாழ்க்கையில் வாத்தியாராக இருந்தவர் திரையில் வாத்தியார் வேலைக்கு அலைகிறார். சாவித்திரியின் மேரி சிடுசிடுக்க, நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கும் அந்த பாலுவைப் பிடிக்காதவர் யார்?

1959-ல் ஸ்ரீதர் முதல்முறையாக இயக்கிய 'கல்யாண பரிசு'. தான் விரும்பிய வசந்தி கேட்டுக்கொண்டதற்காக அவள் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்கிறான் பாஸ்கர். கடைசியில் தன் குழந்தையையே அவளுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டுத் தனியாக நடந்து போகிறான். 1962-ல் 'சுமைதாங்கி'. பெயரிலேயே கதை இருக்கிறது. குடும்பத்துக்காகக் காதலை விட்டவன் கடைசியில் பாதிரியார் ஆகிவிடுகிறான்.

கவனித்தீர்களா? நம்மைக் கவர்ந்த இந்த ஆட்கள் பெரும்பாலும் ஜெயிப்பதில்லை. காதலுக்கு ஒரு விலை இருக்கிறது என்றால் அதை அவர்களே கொடுக்கிறார்கள், பெண் மேல் அதைச் சுமத்துவதில்லை. சிரிப்பும் மீசையும் சேர்ந்து கிரஷைத் தொடங்கி வைக்கலாம். ஆனால் அறுபது எழுபது வருஷம் அதைத் தாங்கிப் பிடிப்பது இந்தக் குணம்தான்.

சும்மா சொல்லக் கூடாது, இந்தக் குணத்தை உருவாக்கியதில் பல பேருக்குப் பங்கு உண்டு. காதலுக்காக விட்டுக்கொடுக்கிறவனை எழுதியது ஸ்ரீதர். நாம் மயங்கிய அந்தக் குரல் முதலில் ஏ.எம்.ராஜாவுடையது, பிறகு பி.பி.ஸ்ரீனிவாஸுடையது. எதிரில் நின்று சாவித்திரியும் சரோஜாதேவியும் அவரைப் பார்த்த பார்வைதான், அந்த ஆள் காதலிக்கத் தகுந்தவன் என்று நம்மை நம்ப வைத்தது. உங்கள் கிரஷ் ஒரு மனிதர் மேல் என்று நினைக்கிறீர்கள். அதில் பாதி ஒரு பெரிய கூட்டத்தின் உழைப்பின் மேல்.

நுங்கம்பாக்கத்து வீடு

இனி ரயில் கோடம்பாக்கத்தைத் தாண்டுகிறது. கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

வீட்டில் பாப்ஜி இருந்தார். குழந்தைகள் இருந்தார்கள். 'மிஸ் மாலினி' காலத்துப் பழக்கத்தில் புஷ்பவல்லியோடும் ஒரு உறவு இருந்தது. அவர்களுக்கு 1954-ல் பிறந்த மகள்தான் பின்னாளில் இந்தி சினிமாவை ஆண்ட ரேகா. அப்பா ஊரறிந்த காதல் மன்னன். ஆனால் அந்தப் பெயரை வெளிப்படையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை அந்தக் குழந்தைக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. குடும்பத்தைத் தாங்க, விளையாடும் வயதிலேயே கேமரா முன்னால் வந்து நின்றார் ரேகா.

1950-களின் தொடக்கத்திலேயே சாவித்திரியோடு ரகசியத் திருமணம். சில வருடங்கள் கழித்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. திரையில் 'பாசமலர்', 'களத்தூர் கண்ணம்மா' என்று இந்த ஜோடியைப் பார்த்து நம் பாட்டிமார் உருகிக்கொண்டிருந்தார்கள். 1960-களின் பிற்பகுதியில் வீட்டுக்குள் விரிசல். 1971-ல் ஜெமினிக்கு பத்மஸ்ரீ விருது வந்தது. அதே வருஷம் சாவித்திரி தானே தயாரித்து இயக்கிய 'பிராப்தம்' தோற்று, சொத்தைக் கரைத்தது. குடியும் நோயும் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஒன்றரை வருடத்துக்கும் மேல் நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பர் 26-ல் போய்ச் சேர்ந்தார். அவருடைய முடிவுகளுக்கு அவரும் பொறுப்பு, சுற்றி இருந்தவர்களும் பொறுப்பு. எல்லாப் பழியையும் ஒரே தலையில் கட்டுவது நியாயமில்லை. ஆனாலும் அந்தக் காதலுக்கு அதிக விலை கொடுத்தது யார் என்று கேட்டால், பதில் சொல்ல ரொம்ப யோசிக்க வேண்டியதில்லை.

இப்போது அந்த அத்தையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முத்துலட்சுமி ரெட்டி போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது 1947-ல். மருமகன் தாம்பரத்தை விட்டு ஸ்டூடியோ வாசலில் கால் வைத்ததும் அதே வருஷம். பாஸ்கரும் பாலுவும் அந்த அத்தைக்குப் பிடித்தமான பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். கணேசனோடு அவருக்குக் கணக்குத் தீர்க்க நிறைய இருந்திருக்கும்.

அதே நேரத்தில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் தப்பு. தனக்குக் கிடைக்காத டாக்டர் படிப்பு அவருடைய மகள்களுக்குக் கிடைத்தது. பாப்ஜிக்குப் பிறந்த நான்கு பெண்களில் மூன்று பேர் டாக்டர், ஒருவர் பத்திரிகையாளர். அவர்களில் டாக்டர் கமலா செல்வராஜ் 1990-ல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைப் பிறக்க வைத்தவர். நுங்கம்பாக்கத்தில் அவர் நடத்தும் ஜி.ஜி. மருத்துவமனையின் பெயரில் இருப்பது அப்பாவின் முதலெழுத்துகள்தான். பெண்களைப் படிக்க வைப்பதில் அத்தை போட்ட பாதை இந்த வீட்டில் ஒழுங்காகவே தொடர்ந்தது.

அவரே எடுத்த படம்

கதையின் விசித்திரமான திருப்பம் இனிமேல்தான். வயது ஐம்பதைத் தொட்டபோது கே.பாலசந்தர் அவருக்கு வேறு மாதிரி வேடங்களைக் கொடுக்க ஆரம்பித்தார். 1969-ல் 'இரு கோடுகள்'. இரண்டு மனைவிகளுக்கு நடுவில் தடுமாறும் குமாஸ்தா. அவன் வேலை பார்க்கும் ஆபீஸுக்கு கலெக்டராக வருகிறவரே முதல் மனைவி. சௌகார் ஜானகியும் ஜெயந்தியும் நிமிர்ந்து நிற்க, நடுவில் குறுகி நிற்கிறார் காதல் மன்னன்.

அதோடு விடவில்லை. 1974-ல் தானே தயாரிப்பாளராகி, பாலசந்தர் இயக்கத்தில் 'நான் அவனில்லை' எடுத்தார். ஆச்சார்ய அத்ரேயின் புகழ்பெற்ற மராத்தி நாடகத்திலிருந்து வந்த கதை. விதவிதமான பெயர்களில், வேஷங்களில், இனிக்க இனிக்கப் பேசிப் பெண்களை ஏமாற்றிய ஒருவன் நீதிமன்றக் கூண்டில் நிற்கிறான். ஏமாந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து அடையாளம் காட்ட, அந்த ஆள் தான் இல்லவே இல்லை என்று சாதிக்கிறான். இருபது வருஷம் நம்மை மயக்கிய அதே சிரிப்பு, அதே மென்மையான பேச்சு. இந்த முறை அவை மோசடிக்கான கருவிகள்.

படம் வசூலில் சோபிக்கவில்லை. ஆனால் சிறந்த நடிகருக்கான ஃபிலிம்பேர் விருதை வாங்கிக்கொடுத்தது. இத்தனை கதைகள் இருக்க, இந்தக் கதைக்கு ஏன் தன் சொந்தப் பணத்தைப் போட்டார் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடலாம். ஒன்று மட்டும் நிச்சயம். வசீகரம் என்பது வெறும் திறமை, அது நல்ல குணத்துக்கான சான்றிதழ் இல்லை என்பதை, காதல் மன்னன் பட்டம் வாங்கியவரே நடித்துக் காட்டிவிட்டார்.

1996-ல் 'அவ்வை சண்முகி'. 'களத்தூர் கண்ணம்மா'வில் தனக்கு மகனாக நடித்த குட்டிப் பையன் கமல், 36 வருஷம் கழித்து மாமி வேஷத்தில் வர, அந்த மாமி மேல் கிரஷ் ஆகும் பெரியவராக வந்தார் ஜெமினி. தன்னுடைய பட்டத்தைத் தானே கிண்டல் பண்ணிக்கொள்ளும் தைரியம் அந்த வயதிலும் இருந்தது. 2005 மார்ச் 22-ல், 84 வயதில் சென்னையில் காலமானார்.

சரி, இந்த கிரஷை என்ன பண்றது?

2018-ல் 'நடிகையர் திலகம்' வந்தபோது, சாவித்திரி கதையைப் பார்த்துவிட்டு நிறைய பேருக்கு ஜெமினி மேல் கோபம் வந்தது. அந்தப் படத்தைப் பற்றி அவருடைய மகள்களே பொதுவெளியில் வெவ்வேறு கருத்துகளைச் சொன்னார்கள். பெற்ற பிள்ளைகளுக்கே ஒரே பதில் இல்லாதபோது, நீங்கள் மட்டும் உடனே ஒரு தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

பாஸ்கரைப் பிடித்திருப்பதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். அவன் யாரையும் ஏமாற்றவில்லை. அவனைப் பிடிக்கிறது என்பதற்காகக் கணேசனுக்கு வக்காலத்து வாங்கவும் வேண்டாம். அம்மாவோடும் பாட்டியோடும் உட்கார்ந்து பேச இது ஒரு நல்ல சாக்கு. அவங்களுக்கு அந்த ஆளிடம் என்ன பிடித்தது என்று கேட்டுப் பாருங்கள். அழகு என்று ஆரம்பிக்கிற பேச்சு, தாங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு ஆள் வேண்டும் என்று இருந்த ஏக்கத்தில் போய் முடியலாம். அது ஜெமினியைப் பற்றியதைவிட, அவங்க வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிய செய்தி.

நேரம் கிடைத்தால் மூன்று படங்களை வரிசையாகப் பாருங்கள். முதலில் 'மிஸ்ஸியம்மா', மனசு நிறையச் சிரிக்கலாம். அடுத்து 'கல்யாண பரிசு', கைக்குட்டை தேவைப்படும். கடைசியாக 'நான் அவனில்லை'. மூன்றிலும் அதே முகம்தான். ஆனால் மூன்றாவது படம் முடியும்போது ஒரு சிரிப்பை எப்படி எடைபோடுவது என்று உங்களுக்குக் கொஞ்சம் பிடிபட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நிஜ வாழ்க்கையில், ரயிலிலோ ஆபீஸிலோ, ஒருத்தர் இனிக்கப் பேசி உங்கள் மனசைக் கவர்ந்தால் தாராளமாக ரசியுங்க. பில் வரும்போது மட்டும் அதை யார் பக்கம் தள்ளுகிறார் என்று ஒரு கண் வைத்திருங்க. பாஸ்கர் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.